சிங்க்ரனஸ் மோட்டார் எந்த வேகத்தில் சுற்றும் என்பதை எது தீர்மானிக்கிறது?

கேள்வி இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்துக்கு, வெளிநாட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்று வந்திருக்கிறது. பெல்ட் வழியாக அதை ஓட்டுவது ஒரு சிங்க்ரனஸ் மோட்டார். நேம்பிளேட்டில் 150 கிலோவாட், 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1200 ஆர்பிஎம் என்று இருக்கிறது. நம் 415 வோல்ட் சப்ளையில் ஓட்டினால் டேக்கோமீட்டர் 999 காட்டுகிறது. மோட்டாரில் கோளாறா? மாலையில் வோல்டேஜ் இறங்கினால் வேகம் இன்னும் குறையுமா? 1200-ஐ எப்படிக் கொண்டுவருவது?

மோட்டாரில் கோளாறு இல்லை. 999 என்பது அது ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கான அத்தாட்சி. வோல்டேஜ் இறங்கினால் வேகம் இறங்காது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று நடக்கலாம், அதைக் கீழே விளக்குகிறேன். 1200-ஐக் கொண்டுவர முடியும், செலவாகும். அதற்கு முன் வோல்டேஜை உடனே சரிசெய்ய வேண்டும். இப்போது ஓடும் நிலையில் அந்த மோட்டாரின் இரும்பு தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கும்.

இனி காரணங்கள். மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டாரில் உள்ள மூன்று ஃபேஸ் வைண்டிங்கில் கரன்ட் பாயும்போது உள்ளே ஒரு காந்தப்புலம் உருவாகிச் சுழல்கிறது. இரண்டு துருவம் கொண்ட வைண்டிங்காக இருந்தால், சப்ளையின் ஒரு சைக்கிளுக்கு அந்தப் புலம் ஒரு முழுச் சுற்று சுற்றும். நான்கு துருவமானால் ஒரு சைக்கிளில் அரைச் சுற்றுதான். ஆறு துருவமானால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை சோடித் துருவங்களோ அத்தனை சைக்கிள் தேவை. இதை நிமிடக் கணக்குக்கு மாற்றினால் கிடைப்பது எல்லோரும் படித்த வாய்பாடு: வேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்களின் எண்ணிக்கை. 120 என்பது 60 வினாடியை 2-ஆல் பெருக்கியது. துருவங்களைச் சோடியாக எண்ணாமல் ஒவ்வொன்றாக எண்ணுவதால் அந்த 2 வருகிறது.

50 ஹெர்ட்ஸில் 2 துருவத்துக்கு 3000, 4-க்கு 1500, 6-க்கு 1000, 8-க்கு 750, 10-க்கு 600, 12-க்கு 500, 20-க்கு 300 ஆர்பிஎம். இடைப்பட்ட வேகம் கிடையாது, ஏனென்றால் துருவங்கள் எப்போதும் சோடியாகத்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நேரடியாக 1200 ஆர்பிஎம்மில் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டாரை யாராலும் செய்ய முடியாது. 5 துருவம் வேண்டியிருக்கும். உங்கள் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் 1200 என்றால் அதற்கு 6 துருவம். அதே 6 துருவம் 50 ஹெர்ட்ஸில் 1000. நீங்கள் அளந்த 999-ஐத் திருப்பிக் கணக்கிட்டால் அந்த நேரத்தில் சப்ளை 49.95 ஹெர்ட்ஸ் இருந்திருக்கிறது.

அந்த 49.95 எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மோட்டாரின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது உண்மையில் அதுதான். அது அம்பத்தூர் சப்ஸ்டேஷன் நிர்ணயிப்பதில்லை. சென்னை மாநகரமும் நிர்ணயிப்பதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்மாநிலக் கிரிட், நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கப்பட்டது. அன்று முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே அதிர்வெண். கல்பாக்கத்திலும் வடசென்னை அனல்மின் நிலையத்திலும் சுற்றும் ஜெனரேட்டர்கள், பஞ்சாபிலும் குஜராத்திலும் சுற்றும் ஜெனரேட்டர்களோடு கைகோத்து ஒரே அதிர்வெண்ணில் சுற்றுகின்றன. நாடு முழுவதும் உற்பத்தியைவிட லோடு கூடினால் எல்லா டர்பைன்களும் சேர்ந்து சற்று மெதுவாகும். உற்பத்தி கூடினால் சேர்ந்து வேகமெடுக்கும். கிரிட் விதிகளின்படி இருக்க வேண்டிய எல்லை 49.90 முதல் 50.05 வரை. உங்கள் மோட்டாருக்கு அது 998 முதல் 1001 ஆர்பிஎம். தென்மாநிலக் கிரிட் தனியாக இருந்த நாட்களில், மின்பற்றாக்குறை நேரங்களில் அதிர்வெண் 49-க்குக் கீழேயும் போனதுண்டு, 48.5 என்றால் இதே மோட்டார் 970-ல் சுற்றியிருக்கும். அப்போது வேகம் குறைந்ததற்கு மோட்டாரும் காரணமில்லை, வோல்டேஜும் காரணமில்லை.

ஆகவே வேகத்துக்கு இரண்டே விஷயங்கள்தான் பொறுப்பு: சப்ளையின் அதிர்வெண், வைண்டிங்கின் துருவ எண்ணிக்கை. வோல்டேஜ், லோடு, ஃபீல்டு கரன்ட் (சுழலும் பகுதியான ரோட்டாரைக் காந்தமாக்கும் நேர்மின்சாரம்) இவை மூன்றும் தீர்மானிப்பது வேறொன்றை. அந்த வேகத்தை மோட்டாரால் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா முடியாதா என்பதை.

இண்டக்‌ஷன் மோட்டாரோடு பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 4 துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் நேம்பிளேட்டில் 1440 அல்லது 1460 என்று இருக்கும், 1500 இருக்காது. ரோட்டார் சற்றுப் பின்தங்கினால்தான் அதில் கரன்ட் தூண்டப்பட்டு டார்க், அதாவது சுழற்றும் விசை, பிறக்கும். அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். லோடு ஏறினால் ஸ்லிப் கூடும், வேகம் குறையும். சிங்க்ரனஸ் மோட்டாரில் ரோட்டாருக்குத் தன் சொந்தக் காந்தம் இருக்கிறது. நேர்மின்சாரம் பாயும் ஃபீல்டு வைண்டிங்காக இருக்கலாம், நிரந்தரக் காந்தமாகவும் இருக்கலாம். அது சுழலும் புலத்தோடு பூட்டிக்கொள்கிறது. லோடு ஏறும்போது ரோட்டார் மெதுவாவதில்லை. புலத்துக்குப் பின்னால் ஒரு கோணம் சாய்ந்து, பிறகு அதே வேகத்தில் தொடர்கிறது. சுழலும் இரண்டு சக்கரங்களை ஒரு ரப்பர் பட்டையால் கட்டியதுபோல: இழுவை கூடினால் பட்டை நீளும், சக்கரங்களின் வேகம் ஒன்றாகவே இருக்கும், அளவுக்கு மீறினால் பட்டை அறும்.

அந்த லோடு கோணம் முழு லோடில் பொதுவாக 20 முதல் 30 டிகிரி வரை, மின்கணக்கில். தண்டில் பார்த்தால் அதைத் துருவச் சோடிகளால் வகுக்க வேண்டும். உங்கள் 6 துருவ மோட்டாரில் 30 மின்டிகிரி என்பது தண்டில் 10 டிகிரிதான். ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைச் சப்ளையோடு இணைத்துத் தண்டில் வரைந்த கோட்டைப் பார்த்தால், லோடு ஏற்றும்போது அந்தக் கோடு சற்று நகர்ந்து புது இடத்தில் நின்றுவிடுவது கண்ணுக்குத் தெரியும். கோடு தொடர்ந்து ஊர்ந்துகொண்டே போனால் அது சிங்க்ரனஸ் வேகத்தில் இல்லை என்று பொருள். கிண்டி மெஷின்ஸ் லேபில் வி-வளைவு எடுக்கும் மாணவர்கள் ஃபீல்டு கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கும்போது ஆர்மேச்சர் (ஸ்டேட்டார்) கரன்ட்டும் பவர் ஃபேக்டரும் (கரன்ட் வோல்டேஜுக்கு முந்தியோ பிந்தியோ நிற்பதைக் காட்டும் அளவு) மாறுவதை எழுதுகிறார்கள்; அந்த அட்டவணையில் வேகத்துக்கு ஒரு பத்தி போட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்தான் வரும். ஃபீல்டைக் கூட்டினால் மோட்டார் லீடிங் பவர் ஃபேக்டரில் ஓடித் தொழிற்கூடத்தின் மற்ற மோட்டார்களுக்குக் கப்பாசிட்டர் போல உதவும். வேகம் ஒரு சுற்றுகூட மாறாது.

மின்டிகிரியில் கோணம் 90-ஐ நெருங்கினால் (துருவங்கள் புடைத்த ரோட்டாரில் அதற்கும் முன்பே) பிடிப்பு விட்டுவிடும். அந்த எல்லைக்குப் பெயர் புல்-அவுட் டார்க். சாதாரணமாக முழு லோடு டார்க்கின் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை வைத்துச் செய்வார்கள். வோல்டேஜ் விஷயம் இங்கேதான் நுழைகிறது. இந்த எல்லை வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறையும். 415 வோல்ட் 350-க்கு இறங்கினால் அது 84 சதவீதம். ஒன்றரை மடங்கு எல்லை 1.26 மடங்காகிறது. இன்னும் பாதுகாப்புதான். ஆனால் ஃபீல்டுக்கான நேர்மின்சாரமும் அதே லைனிலிருந்து ரெக்டிஃபையர் வழியாக வந்தால் அதுவும் 84 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து 0.84 × 0.84, அதாவது 0.71. இப்போது எல்லை 1.06 மடங்கு. பிஸ்டன் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் லோடு சராசரிக்கு மேலே எகிறும் கம்ப்ரஸரில் அது போதாது. மோட்டார் பிடிப்பு விட்டுப் போகும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் ஃபீல்டு சப்ளைக்குத் தனி ரெகுலேட்டர் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். டேக்கோமீட்டரைப் பார்த்து ‘வேகம் அப்படியே இருக்கிறதே, பிரச்சினை இல்லை’ என்று இருக்கக் கூடாது. சிங்க்ரனஸ் மோட்டாரில் வேகம் கடைசிக் கணம் வரை எந்த எச்சரிக்கையும் தராது. அம்மீட்டரைப் பார்க்க வேண்டும்.

பிடிப்பு விட்டால் என்ன ஆகும்? ரோட்டாரின் வட துருவம் ஸ்டேட்டார் புலத்தின் தென் துருவத்தை விட்டு நழுவி அடுத்ததற்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் டார்க் முன்னும் பின்னும் அடிக்கும், அம்மீட்டர் முள் ஆடும், தண்டிலும் கப்ளிங்கிலும் பெல்ட்டிலும் அடி விழும். ஸ்டார்ட்டிங்குக்காக ரோட்டாரில் வைத்திருக்கும் டேம்பர் வைண்டிங் அதிவேகமாகச் சூடாகும். புல்-அவுட் ரிலே சில தாவல்களுக்குள் டிரிப் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் லைன் ஒரு நொடி போய் வரும் பகுதிகளில் இன்னொரு ஆபத்து உண்டு: சப்ளை போன அந்த நேரத்தில் ரோட்டார் மெதுவாகிக் கோணம் விலகியிருக்கும், திரும்பி வரும் சப்ளையோடு எதிரெதிராக மாட்டினால் ஷார்ட் சர்க்யூட்டுக்கு நிகரான டார்க் தண்டின்மேல் பாயும். சப்ளை போனதும் கான்டாக்டர் விட்டுவிட வேண்டும். ஃபீல்டை அணைத்து, முதலிலிருந்து ஸ்டார்ட் செய்வதுதான் முறை. தானாக மறுபடி இணையும் ஏற்பாடு இந்த மோட்டாருக்குக் கூடாது.

ஸ்டார்ட்டிங்கைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50-ல் ஓட்டும்போது அதிகம் கெடுவது இங்கேதான். நின்றுகொண்டிருக்கும் ரோட்டாரால் நேரடியாகச் சுழலும் புலத்தைப் பிடிக்க முடியாது. அதனால் துருவ முகங்களில் செம்புக் கம்பிகளாலான டேம்பர் வைண்டிங் இருக்கும். அதை வைத்து இண்டக்‌ஷன் மோட்டாராக எழுந்து, சிங்க்ரனஸ் வேகத்தின் 95 சதவீதம் அளவுக்கு வந்ததும் ஃபீல்டுக்கு நேர்மின்சாரம் கொடுத்தால், ரோட்டார் இழுபட்டுப் பூட்டிக்கொள்ளும். எழும்போது ஃபீல்டு வைண்டிங் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வழியாக மூடியிருக்க வேண்டும். திறந்தபடி விட்டால், நிறையச் சுற்று கொண்ட அந்த வைண்டிங்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு இன்சுலேஷன் ஓட்டையாகும். சோதனைக்காக என்று கூடத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் பழைய பேனலைத் திறந்து பாருங்கள். ஃபீல்டு எப்போது ஏற வேண்டும் என்பதை வேக ஸ்விட்ச் தீர்மானித்தால், அது 1200-ன் 95 சதவீதமான 1140-ல் வைக்கப்பட்டிருக்கும். இங்கே மோட்டார் 1000-ஐத் தாண்டவே போவதில்லை. ஸ்விட்ச் ஒருபோதும் மூடாது, ஃபீல்டு ஒருபோதும் ஏறாது, மோட்டார் டேம்பரின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். எழும் சிறிது நேரத்துக்கு மட்டும் தாங்குமாறு செய்த கம்பிகள் அவை. தொடர்ந்து ஓடினால் பற்றவைத்த இணைப்புகள் விட்டுவிடும். ஸ்விட்சை 950-க்கு இறக்க வேண்டும். உங்கள் மீட்டர் 999 காட்டியிருப்பதால் யாரோ ஏற்கெனவே இதைச் செய்திருக்கிறார்கள், அல்லது பேனல் ஸ்லிப் அதிர்வெண்ணை (எழும்போது ஃபீல்டு வைண்டிங்கில் தூண்டப்படும் கரன்ட்டின் அதிர்வெண்ணை) பார்க்கும் வகை. 999-க்குப் பதிலாக 970, 980 என்று காட்டியிருந்தால், லோடு மாறும்போது எண்ணும் ஆடியிருந்தால், மோட்டார் பூட்டிக்கொள்ளவே இல்லை என்று பொருள். உடனே நிறுத்தி ஃபீல்டு சப்ளையையும், அதைச் சுழலும் ரோட்டாருக்குக் கடத்தும் ஸ்லிப் ரிங்கில் பிரஷ் உட்காரும் விதத்தையும் பார்க்க வேண்டும். எழும்போது 500-க்குச் சற்று மேலே மாட்டிக்கொண்டு ஏறாமல் நின்றால் டேம்பர் கம்பிகள் உடைந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். டேம்பர் வலுவிழந்தால் மூடிய ஃபீல்டு வைண்டிங் ஒற்றை ஃபேஸ் ரோட்டார் போல நடந்துகொள்கிறது. அதனால் டார்க் வளைவில் பாதி வேகத்தில் பள்ளம் விழுகிறது.

வோல்டேஜுக்கு வருவோம். மோட்டாரின் இரும்பில் எவ்வளவு காந்தப்பாய்வு ஓடும் என்பது வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த விகிதம். உங்கள் மோட்டாருக்கு உரியது 460 ÷ 60, அதாவது ஹெர்ட்ஸுக்கு 7.67 வோல்ட். நீங்கள் கொடுப்பது 415 ÷ 50, அதாவது 8.3. எட்டு சதவீதம் அதிகம். நடுஇரவில் லோடு குறைந்து லைன் 440-க்கு ஏறினால் 8.8, பதினைந்து சதவீதம் அதிகம். இரும்பு நிறைவு நிலைக்குப் போகும், சரியான வோல்டேஜில் இருப்பதைவிட இரும்பிழப்புச் சூடு கூடும், ஃபீல்டு கரன்ட் அதே அளவில் இருந்தால் மோட்டார் லேகிங் பக்கம் சாய்ந்து லைனிலிருந்து அதிகக் கரன்ட் இழுக்கும். தண்டில் உள்ள விசிறியும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதால் காற்றும் குறைவு. சரியான வோல்டேஜ் 460 × 5 ÷ 6, அதாவது 383. 415-ஐ 383 ஆக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஃபீல்டுக்கு நேர்மின்சாரம் தரும் பழைய எக்ஸைட்டேஷன் பேனலில் 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதற்கும் இதே கணக்குப் பொருந்தும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்படிச் செய்தபின் மோட்டார் கொடுக்கும் டார்க் நேம்பிளேட்டில் உள்ளதேதான். வேகம் ஆறில் ஐந்து பங்கு என்பதால் பவர் 150-லிருந்து 125 கிலோவாட் ஆகும். நல்வாய்ப்பாக, ஒரே அழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரஸர் கேட்பதும் ஏறத்தாழ நிலையான டார்க். வேகம் ஆறில் ஐந்து பங்கானால் அதன் பவர் தேவையும் அதே அளவு குறையும். இரண்டும் பொருந்திப் போகின்றன. காற்றின் அளவு ஆறில் ஐந்து பங்காகும், அழுத்தம் குறையாது. அந்தக் காற்று உங்களுக்குப் போதுமென்றால் 1000-லேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. (இதே இடத்தில் சென்ட்ரிஃபியூகல் பம்ப் இருந்தால் கதை வேறு: தண்ணீர் ஆறில் ஐந்து பங்கு, ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) 69 சதவீதம், பவர் 58 சதவீதம். ஹெட் அவ்வளவு குறைந்தால் மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமலே போகலாம்.)

காற்று போதவில்லை என்றால் சிலர் மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்கச் சொல்வார்கள். கம்ப்ரஸர் பழைய வேகத்துக்கு வரும், ஆனால் மோட்டார் தண்டில் விழும் டார்க் 1.2 மடங்கு ஆகும். புல்-அவுட் எல்லை ஒன்றரை மடங்குதான் என்பதை மேலே பார்த்தோம். அதில் பெரும்பகுதியை நிரந்தரமாகச் செலவழித்துவிட்டு வோல்டேஜ் இறங்காது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கம்ப்ரஸரின் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் மட்டுமே இதை ஏற்கலாம்.

அடுத்த வழி விஎஃப்டி டிரைவ். அதிர்வெண்ணை நீங்களே தயாரித்துக் கொடுப்பது. டிரைவில் அடிப்படை அதிர்வெண் 60, அடிப்படை வோல்டேஜ் 460 என்று பதிய வேண்டும். 50 என்றும் 415 என்றும் பதிந்தால் பழைய எட்டு சதவீதப் பிழை திரும்ப வரும். ஆனால் 415 வோல்ட் உள்ளீட்டில் டிரைவால் 415-க்கு மேல் தர முடியாது. 7.67 விகிதத்தில் 415 வோல்ட் 54 ஹெர்ட்ஸிலேயே தீர்ந்துவிடும். அதாவது 1080 ஆர்பிஎம் வரை முழு டார்க். அதற்கு மேல் 60 ஹெர்ட்ஸ் வரை போகலாம், ஆனால் காந்தப்பாய்வு 90 சதவீதமாகிவிடும். அங்கே முழு 150 கிலோவாட் கேட்டால் கரன்ட் நேம்பிளேட்டைவிட 11 சதவீதம் மேலே நிற்கும். ஆகவே 135 கிலோவாட்டுக்குள் நிறுத்த வேண்டும், அல்லது டிரைவுக்கு முன்னால் 415-ஐ 460 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். டிரைவ் 480 வோல்ட் வகையாக இருக்க வேண்டும்.

டிரைவ் வாங்குவதற்கு முன், ஃபீல்டுக்கு மின்சாரம் தரும் எக்ஸைட்டரைப் பாருங்கள். ஸ்லிப் ரிங்கும் பிரஷும் உள்ள மோட்டார் என்றால் வெளியிலிருந்து ஃபீல்டைக் கொடுத்தபடியே பூச்சியத்திலிருந்து அதிர்வெண்ணை மெல்ல ஏற்றலாம்; டேம்பருக்கே வேலையில்லை. பிரஷ்லெஸ் வகை என்றால் தண்டிலேயே ஒரு சிறு ஜெனரேட்டர் இருக்கும், அதன் வெளிப்பாட்டை உடன்சுழலும் டயோடுகள் நேர்மின்சாரமாக்கும். அந்த ஜெனரேட்டர் நின்றுகொண்டிருக்கும்போது எதையும் தராது. எனவே வேகம் வரும்வரை ரோட்டாருக்கு ஃபீல்டு இருக்காது. டிரைவில் ஓட்டுவதற்கென்றே செய்த பிரஷ்லெஸ் மோட்டார்களில் எக்ஸைட்டரின் ஸ்டேட்டாருக்கு மாறுமின்சாரம் கொடுத்து, நின்ற நிலையிலும் டிரான்ஸ்ஃபார்மர் போல மின்சாரம் தாண்டும்படி செய்திருப்பார்கள். சாதாரண பிரஷ்லெஸ் மோட்டாரில் அது இருக்காது. இந்தக் கேள்வியைக் கேட்காத டிரைவ் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டும்போதும் கவனம் வேண்டும். டீசல் ஜென்செட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழைய மெக்கானிக்கல் வகையாக இருந்து நான்கு சதவீத டிரூப் (லோடு ஏறும்போது வேகம் இறங்கும் அளவு) இருந்தால், முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் தரும் செட், லோடில்லாதபோது 52 தரும். சிங்க்ரனஸ் மோட்டார் அதை அப்படியே பின்தொடரும்: லோடில்லாமல் 1040, லோடு ஏற ஏற 1000. வேகம் லோடோடு மாறுகிறதே என்று மோட்டாரைக் கழற்றாதீர்கள். மாறுவது டீசல் என்ஜின். எலெக்ட்ரானிக் கவர்னர் உள்ள செட்டில் இது வராது. கூடவே, பிஸ்டன் துடிப்பும் மோட்டாரின் இயல்பான ஊசலும் ஒத்துப்போனால் அம்மீட்டர் முள் சீராக ஆடத் தொடங்கும். ஹண்டிங் என்பது இதுதான். 60-லிருந்து 50-க்கு வந்ததில் துடிப்பின் வேகமும் ஆறில் ஐந்து பங்காகிவிட்டதால், அங்கே இல்லாத ஹண்டிங் இங்கே தோன்றலாம். ஆட்டம் தெரிந்தால் ஃப்ளைவீலின் எடையை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

நேம்பிளேட் அழிந்துபோன மோட்டாராக இருந்தால் துருவங்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஸ்டேட்டார் ஸ்லாட்டுகளை எண்ணி, ஒரு காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எதற்குத் தாவுகிறது என்று பாருங்கள்: 36 ஸ்லாட்டில் 1-லிருந்து 10-க்குத் தாவினால் 9 ஸ்லாட் தாவல், 36 ÷ 9 = 4 துருவம். 1-லிருந்து 9-க்கு என்று சற்றுக் குறைத்தும் கட்டியிருப்பார்கள், அப்போதும் விடைக்கு அருகிலுள்ள இரட்டைப்படை எண் 4-தான். நிரந்தரக் காந்த மோட்டாரில் இன்னும் எளிது. இரண்டு வயரில் சிறு பேட்டரியிலிருந்து குறைந்த கரன்ட் செலுத்தி, தண்டைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றில் எத்தனை இடத்தில் அது ஆழமாக உட்காருகிறதோ அத்தனை சோடி. அல்லது டிரில்லால் தண்டைச் சுற்றி, வரும் வோல்டேஜின் அதிர்வெண்ணை மல்டிமீட்டரில் படித்து, 120-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுங்கள். செர்வோ டிரைவில் துருவ எண்ணிக்கை கேட்கும் இடத்தில் சோடி எண்ணிக்கையைப் பதிவதும், சோடி கேட்கும் இடத்தில் துருவத்தைப் பதிவதும் அன்றாடம் நடக்கும் பிழை. காட்டும் வேகம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே விதி சின்ன மோட்டார்களிலும் அப்படியே இருக்கிறது. மைக்ரோவேவ் அவனில் தட்டைச் சுற்றும் மோட்டாரின் முதுகில் 5/6 ஆர்பிஎம், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். 50-ல் 5, 60-ல் 6. வேறு எதுவும் அதை மாற்றாது. ரிச்சி தெருவில் மாற்று வாங்கப் போகும்போது ஆர்பிஎம்மை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: வெளியே ஒரே மாதிரி இருக்கும் இந்த மோட்டார்கள் 21 வோல்ட், 30 வோல்ட், 230 வோல்ட் என்று வருகின்றன. 21 வோல்ட் மோட்டாரை 230-ல் மாட்டினால் வேகம் கூடாது, எரிந்துதான் போகும். சில தடவை வலமாகவும் சில தடவை இடமாகவும் சுற்றுவது கோளாறல்ல. ஒற்றை ஃபேஸில் எந்தப் பக்கம் முதலில் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் புறப்படும். கிரிட்டின் அதிர்வெண்ணை நம்பி ஓடும் டைம் ஸ்விட்சுகளும் இதே இனம்: ஒரு நாள் முழுவதும் சராசரி 49.95 இருந்தால், 86,400 வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 86 வினாடி பின்தங்கும்.

சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் போல ஒன்றை மாட்டிச் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. சாதாரண சீலிங் ஃபேன் இண்டக்‌ஷன் வகை. வோல்டேஜைக் குறைத்தால் ஸ்லிப் கூடி மெதுவாகும். சிங்க்ரனஸ் மோட்டார் பிடிப்பு இருக்கும்வரை அதே வேகம், பிடிப்பு விட்டதும் நின்றுவிடும்.

பிஎல்டிசி (நிரந்தரக் காந்த, பிரஷ் இல்லாத) ஃபேனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருப்பவை சிங்க்ரனஸ் மோட்டார்கள்தான், ஆனால் அவற்றில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. கிரிட்டில் மாட்டிய மோட்டாரில் அதிர்வெண் முதலில் வருகிறது, ரோட்டார் பின்தொடர்கிறது. ஸ்கூட்டரில் ரோட்டார் இப்போது எங்கே நிற்கிறது என்பதை ஹால் சென்சாரோ கணக்கீடோ கண்டறிந்து, அதற்கேற்ப கன்ட்ரோலர் ஃபேஸ்களை மாற்றுகிறது. ஆக்சிலரேட்டர் கேட்பது டார்க்கை. வேகம் மேம்பாலத்தின் ஏற்றத்தையும் காற்றையும் ஏறியவர்களின் எடையையும் பொறுத்து அமைகிறது. அதிர்வெண் அந்த வேகத்துக்கேற்ப வருகிறது. வாய்பாடு ஒவ்வொரு கணமும் உண்மைதான், ஆனால் அங்கே அதிர்வெண் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. பிடிப்பு விட்டுப்போகும் பிரச்சினையும் அதனால் அங்கே இல்லை, கன்ட்ரோலர் எப்போதும் ரோட்டாரின் கூடவே போகிறது. உச்ச வேகத்துக்கு எல்லை போடுவது பேட்டரி வோல்டேஜ்: சுழலும் காந்தம் உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் வேகத்தோடு ஏறிப் பேட்டரியை எட்டும்போது மேலும் கரன்ட்டைத் தள்ள முடியாது. பிஎல்டிசி ஃபேனில் கன்ட்ரோலர் ஒரு வேகத்தை இலக்காக வைத்துக்கொள்வதால், லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஃபேன் ஒரே சீராகச் சுற்றுகிறது. பழைய ரெகுலேட்டரைச் சுவரில் விட்டு அதன் வழியாக அந்த ஃபேனை ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் பாதிக்கப்படும், ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக இணைக்க வேண்டும்.

உங்கள் கம்ப்ரஸருக்குத் திரும்பினால், செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் முழு லோடில் மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் ஃபீல்டு கரன்ட்டையும் அளந்து நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்து 383 வோல்ட்டுக்கான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு மறுபடி அளந்து, யூனிட்டி பவர் ஃபேக்டர் வரும்வரை ஃபீல்டைத் திருத்துங்கள். வேக ஸ்விட்ச் இருந்தால் 950-ல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஸ்லிப் ரிலே இருந்தால் அதில் உள்ள 3 ஹெர்ட்ஸ் அமைப்பை 2.5-க்கு இறக்குங்கள், 60-ல் ஐந்து சதவீதமாக இருந்த 3 ஹெர்ட்ஸ் 50-ல் ஆறு சதவீதமாகிவிடுகிறது. ஒரு வாரம் முழு ஷிப்டும் ஓட்டிப் பார்த்து, காற்று உண்மையிலேயே போதவில்லை என்று தெரிந்தபின் டிரைவுக்கு விலை கேளுங்கள்.